சன்னமானதைத் தூக்கும் பெட்டி

கொள்ளிடத்துப் பாலத்தின் மேல் ரயில் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் சகாயராணிக்குத் தெளிவாகக் கேட்டது.

ஸ்ரீரங்கத்தில் ஆற்றோரத் தெருவின் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. பாலத்தில் ரயில் ஏறினால் ஜன்னல் கம்பி அதிரும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ரயில் போய்த் தொலையட்டும் என்று காத்திருப்பார்கள். அன்று மாலையும் கம்பி அதிர்ந்தது, டம்ளர்கள் உரசின. ஆனால் ரயிலின் இரைச்சல் மட்டும் போர்வைக்கு அடியில் யாரோ முனகுவதுபோல் அடங்கிக் கிடக்க, அதற்கு மேலே சொட், சொட் என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குக் காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

பாலு இறந்து ஆறு மாதம். அவனுடைய பெட்டிகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள்.

பாலு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவன். கல்யாண வரவேற்பு, மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் தேர், எதுவானாலும் அவர்கள் குழுவின் வேன் போய் நிற்கும். கூட்டம் பாடுகிறவர்களைப் பார்க்கும். ராணி பாலுவின் காலைப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவன் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை மிதித்தால் கிடார் கரகரத்துக் கத்தும். அடுத்ததை மிதித்தால் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒலிக்கும். இன்னொன்றைப் பாதத்தால் முன்னும் பின்னும் ஆட்டினால் கிடார் வாயைத் திறந்து திறந்து மூடி அழும். கை வாசிப்பது பாதி, கால் வாசிப்பது பாதி. பேச்சில் மட்டும் பாலு மகா கஞ்சன். பிடித்திருக்கிறது என்று சொல்லவே அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதையும் ராணிதான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மாதா கோயில் பெண்ணும் பெருமாள் கோயில் பையனும் கட்டிக்கொண்டதில் இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போகட்டும் என்று இவர்களும் இருந்துவிட்டார்கள். பூரணி பிறந்தாள்.

அப்படிப்பட்டவனுக்கு நுரையீரல் இறுகிப்போகிற வியாதி வந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. மூச்சு உள்ளே போகும்போது ஓரிடத்தில் தடுக்கும், ஒரு கணம் நிற்கும், பிறகு இழுத்துக்கொண்டு போகும். நாற்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அந்த மூச்சு ராணிக்கு மனப்பாடம். கடைசி நாள் மத்தியானம் அவன் விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டான். குனிந்தாள். உதடு அசைந்தது. அதே நேரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த பூரணி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதாள். "சும்மா இரு பூரணி!" என்று ராணி தலையைத் திருப்பி அதட்டினாள். திரும்பவும் குனிந்தபோது உதடு நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது.

ஐந்தாறு சொல் இருக்கும். ஆயுளுக்கும் கஞ்சனாக இருந்தவன் கடைசியில் வாயைத் திறந்து ஏதோ சொன்னான், அதை அவள் கேட்கவில்லை. நர்ஸிடம் விசாரித்தாள், பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்தாள். பிள்ளை போட்ட சத்தத்தில் யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. ஆறு வயதுப் பிள்ளைமேல் பெற்றவளுக்கு ஆத்திரம் வரலாமா என்றால் வரக்கூடாதுதான். ராணிக்கு வந்தது. தட்டு விழுந்தாலும் கதவு அடித்தாலும், ஏன், பூரணி சிரித்தாலும்கூட அந்த மத்தியானம் திரும்ப வந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று வீட்டில் நாள் முழுக்க அது ஒன்றே பேச்சாகிவிட்டது.

பெட்டிகளைக் கொண்டுவந்தவன் அன்வர். குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன், பாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு தொழிலுக்கு வந்தவன்.

"வேன்லயே கெடந்துச்சு அண்ணி. எடுத்துட்டு வர மனசு வரல," என்று சொல்லிக்கொண்டே முன்னறையில் பாலுவின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை இறக்கி வைத்தான். பலகையில் வரிசையாக ஐந்து சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குட்டை குட்டையாக வயர். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, கடையில் வைத்த பெயரை விட்டுவிட்டுப் பாலு தன் கையெழுத்தில் வேறு பெயர் எழுதியிருந்தான். சமம். அழுகை. முள். வாசல். கிணறு.

அன்வர் சுவரில் சாய்ந்திருந்த பாலுவின் கிடாரை எடுத்து வயரைச் செருகினான். "இந்தச் சமம்தான் அண்ணி அண்ணனோட தொழில் ரகசியமே. ஓங்கி அடிச்சா சத்தத்தை அமுக்கும். மெதுவாத் தொட்டா தூக்கி விடும். பெருசு சிறுசு ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துரும். அதனாலதான் அவரு தொட்ட கம்பி அவ்வளவு நேரம் சாகாம நிக்கும்."

"அப்ப வாசல்?"

"அது காவக்காரன். தூக்குற பெட்டி பாகுபாடு பாக்காதுல்ல? கம்பி ஓஞ்ச பெறகு மிச்சமிருக்குற எரைச்சல், கரண்டு முனகல் எல்லாத்தையும் சேத்துத் தூக்கும். வாசல் என்ன பண்ணும்னா, சத்தம் ஒரு அளவுக்குக் கீழ எறங்குன ஒடனே கதவைச் சாத்திரும். பாருங்க."

கம்பியைத் தட்டினான். சுருதி நீண்டு, மெலிந்து, சட்டென்று அறுந்தது. அதன்பின் சுத்தமான அமைதி. பிறகு வாசலைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு மறுபடியும் தட்டினான். இந்த முறை கம்பி ஓய்ந்த இடத்தில், எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல் ஒரு இரைச்சல் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. அதற்குள்ளே ஏதோ ஒன்று உள்ளே போனது. தடுக்கியது. ஒரு கணம் நின்றது. இழுத்துக்கொண்டு போனது.

ராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அது என்ன?"

"எர்த் சரியில்ல அண்ணி. பழைய வீடுல்ல," என்று அன்வர் வாசலைத் திரும்ப மிதித்தான். இரைச்சல் நின்றது. "இதை மட்டும் எப்பவும் போட்டே வைங்க. சமத்தை ஏத்தி வச்சுட்டு வாசலைத் தொறந்து விட்டா, வேண்டாததெல்லாம் மேல வந்துரும்."

அவன் போன பிறகு அவள் பூரணியைக் கீழ்வீட்டு உமாமகேஸ்வரியிடம் விளையாட அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கிடாரை மடியில் கிடத்தி, கட்டை விரலால் தடித்த கம்பியை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு வாசலை அணைத்தாள். கம்பி நடுங்கி நடுங்கி மெலிந்தது. ஸ்பீக்கரின் சூடேறிய தூசி வாசனை மூக்கில் ஏறியது. தெருக்கோடியில் மல்லிப்பூக்காரர் கூவுவதும், கோயில் மணியும், ஆட்டோ திரும்புவதும் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, இரைச்சல் எழுந்தது. அதற்குள் அந்த மூச்சு, அதே இடத்தில் தடுக்கி, அதே அளவு நின்று, அதே இழுப்போடு போய்வந்தது. அவள் ஸ்பீக்கரின் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக அந்த அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

மூச்சு வந்தால் பேச்சும் வரும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அன்று சொன்ன ஐந்தாறு சொல்லும் இதற்குள்ளே எங்கோ அடியில் கிடக்கும், இன்னும் கொஞ்சம் தூக்கினால் போதும் என்று தோன்றியது. சமத்தின் திருகை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பினாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அதுதான், சில நாள் காலையில் கிளம்புவதற்கு முன்னும் அதுதான். தினமும் ஒரு மயிரிழை. மூன்றாம் நாள்தான் ரயில் சன்னமாகப் போனது.

அதற்கு அடுத்த நாள் பொன்மலையில், ரயில்வே பணிமனை அலுவலகத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேஜை சந்திரம்மாள் தோளைத் தொட்டாள். "சங்கு ஊதி அஞ்சு நிமிஷம் ஆச்சுடி. கெளம்பலையா?" பொன்மலைச் சங்கு சுற்றுவட்டாரத்துக்கே கடிகாரம். பதினோரு வருஷமாக அது ஊதும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டவள் ராணி. அன்று அவளுக்கு அது கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் சந்திரம்மாளின் வளையல் மணிக்கட்டில் உரசியதும், சுவர்க் காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி நகர்ந்ததும்தான்.

வீட்டில் குக்கர் விசிலடித்து விசிலடித்துப் பருப்பு அடிப்பிடித்தது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் ஓடினாள். ஆனால் உப்பு ஜாடியில் கல் உப்பு சரிவது கேட்டது. அரிசி டப்பாவில் வண்டு ஊர்வது கேட்டது. பயந்திருக்க வேண்டியவள்தான், பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கதவு படாரென்று அடிக்கவில்லை. தட்டு உருளவில்லை. பூரணிகூட அடங்கிவிட்டாள். பிள்ளைக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாடிப்படியில் உமாமகேஸ்வரி எதிர்ப்பட்டாள். வாயை அகலத் திறந்து, கையை ஆட்டி, நெற்றி நரம்பு புடைக்கப் பேசினாள். வந்த குரலோ கொசு அளவுக்குத்தான் இருந்தது.

"ஏன் ராணி, காலையில புள்ள அப்படிக் கத்துதே, நீ வீட்லதான இருந்த?"

"அவ கத்தலையேக்கா."

"கத்தலையா? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. கதவிடுக்குல கை மாட்டிக்கிச்சாம். நான் ஏறி வந்து எடுத்து விட்டேன். நீ அந்த ரூம்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க!"

ராணி படிகளில் தாவி ஏறினாள். உள்ளே ஓடிப்போய்ப் பூரணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நான்கு விரலிலும் நீலம் கட்டியிருந்தது. "அம்மா கேக்கலடா கண்ணு," என்று அதை ஊதி ஊதி முத்தம் கொடுத்தாள். பூரணி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சொல் மட்டும் பஞ்சுக்குள் போனதுபோல் மங்கி வந்தது.

அன்று மாலை வாசல் பெட்டியை மிதித்துச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டும் என்றுதான் பலகைமுன் நின்றாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். காலைத் தூக்கினாள். பெட்டியின் குமிழில் பாதம் படுவதற்குள் இரைச்சலுக்குள் இருந்த மூச்சு தடுக்கியது, நின்றது, ஒரு வடிவம் எடுத்தது.

"ரா..."

அவள் பெயரின் முதல் எழுத்து. அவன் குரல். ஒரு சந்தேகமும் இல்லை.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் காலைப் பின்னால் வைத்தாள். குனிந்து, வாசலின் இரண்டு பக்க வயரையும் பிடுங்கி, முள்ளுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரே வயராகச் சேர்த்துவிட்டு, வாசலைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள். தவறிக்கூட யார் காலும் அதை மிதித்துவிடக் கூடாது.

அதன்பின் அடுத்த வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் நிற்பாள், டிக்கெட் கிழிபடுவது கேட்கும், பஸ் கேட்காது. பூரணியின் பள்ளிக்கூட டைரியில் டீச்சர் எழுதியிருந்தார்: வகுப்பில் வாய் திறப்பதில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. ராணி படித்தாள், கையெழுத்துப் போட்டாள். தண்ணீர்க் குழாயடியில் உமாமகேஸ்வரி வேறு யாரிடமோ தணிந்த குரலில் சொன்னது, தணிந்ததாலேயே மாடி வரைக்கும் வந்து விழுந்தது. "இப்பல்லாம் அந்தப் புள்ள சத்தமே காணோம் பாத்தியா. முன்னால என்ன ஆட்டம் ஆடும்! அப்பன் போன ஏக்கம் போல." ராணி அதைக் கேட்டாள். யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. முந்தின நாள் மாலை "ராணி" என்று முழுப் பெயரும் வந்துவிட்டிருந்தது, அதற்குப் பின்னால் வருவதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வழிவது தெரிந்தது, சத்தம் இல்லை. இடி இடித்திருக்க வேண்டும், தரை நடுங்கியது, சத்தம் இல்லை. அறையில் ஈரச் சுவரின் வாசனை. மின்னல் வெட்டியபோது சுவரில் அவள் நிழலும் கிடாரின் நிழலும் பக்கத்தில் இன்னொரு சின்ன நிழலும் விழுந்து மறைந்தன.

சமத்தின் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். இதற்கு மேல் போகாது.

கம்பியைத் தட்டினாள். காத்திருந்தாள்.

இரைச்சல். மூச்சு. தடுக்கியது. நின்றது.

யாரோ அவள் கையை இழுத்தார்கள். பூரணி. ராணி திரும்பவில்லை. "சும்மா இரு பூரணி."

"ராணி..."

ஸ்பீக்கரில் காதை ஒட்டினாள். பக்கத்தில், மிகப் பக்கத்தில். ஆஸ்பத்திரித் தலையணை வாசனைகூட வந்தது. கை மறுபடியும் இழுத்தது. அவள் கையை உதறினாள். மடியில் ஏதோ ஒரு நோட்டு வந்து விழுந்தது. பார்க்காமலே அதைத் தள்ளிவிட்டாள். சின்ன விரல்கள் புடவையைப் பிடித்தன. அவள் விரல்களைப் பிரித்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

மூச்சு உள்ளே போனது. தடுக்கியது. நின்றது.

"ராணி... என்னை விடு... புள்ள அழுவுது... அவளைப் பாரு."

அவ்வளவுதான். ஆறு மாதம் அவள் உயிரை அறுத்தது அவ்வளவுதான். என்னை விடு, பிள்ளை அழுகிறாள், அவளைப் பார்.

ராணி திரும்பினாள்.

பூரணி பின்னால் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்திருந்தது. கழுத்து நரம்பு இரண்டும் கயிறாகப் புடைத்திருக்க, வாயைத் திறக்க முடிந்த அளவுக்குத் திறந்து, முழு பலத்தோடு அலறிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பாவாடை முழங்காலில் உரசுவது கேட்டது. இமை நனைந்து ஒட்டிப் பிரிவது கேட்டது. அலறல் கேட்கவில்லை.

தரையில் நோட்டு விரிந்து கிடந்தது. பென்சிலால், கோணல் எழுத்தில்: அம்மா எனக்கு சத்தம் வரல.

அதே வரிதான் பக்கம் முழுக்க. திருப்பினாள். முந்தின பக்கமும். அதற்கு முந்தின பக்கமும். நான்கு நாள் தேதி.

ராணி எழுந்தாள். சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். வயர்களைப் பிடுங்கினாள், ஐந்து விரலிலும் ரத்தம் வர ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"புள்ள அழுவுது," என்றது குரல்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். கீழே உமாமகேஸ்வரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. பூரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ராணியும் கத்தினாள், உமாக்கா, உமாக்கா என்று தொண்டை கிழியக் கத்தினாள், கத்துவது தொண்டையில் தெரிந்தது. உமாமகேஸ்வரி நிமிரவில்லை. நனைந்த கடைசித் துணியையும் உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவளைப் பாரு ராணி."

ராணி தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஈரத் தலைமுடி, சோப்பு வாசனை, துள்ளுகிற சின்ன நெஞ்சு. தன் காதை அந்தத் திறந்த வாயோடு சேர்த்து அழுத்தினாள். சூடான காற்று காதுக்குள் அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது. எச்சில் தெறித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மா என்று கேட்டுவிடாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காற்று மட்டும் அடித்தது. பூரணி மூச்சு வாங்கினாள், மறுபடியும் வாயைத் திறந்தாள், மறுபடியும் அலறினாள்.

கரண்டு இல்லாத ஸ்பீக்கரிலிருந்து பாலு நிதானமாக, தெளிவாக, ஒரு எழுத்தும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். புள்ள அழுவுது. அவளைப் பாரு. புள்ள அழுவுது. அவளைப் பாரு.